யாரோட பேஷண்ட்?

எனக்குக் கோபம் அதிகம் என்று கோல சிலாங்கூர் முழுக்கப் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் டயாலிசிஸ் செண்டரில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் யாராவது மெதுவாகப் பேசினால் அவர் காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

என் பெயர் பராசக்தி. அந்தச் செண்டரின் தலைமை நர்ஸ். கடைவரிசையில் ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மினி மார்க்கெட், நடுவில் நாங்கள். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துச் சனம்தான் எங்களிடம் அதிகம் வரும். சுங்கை பஞ்சாங் வயல்காட்டிலிருந்தும் வேனில் வருவார்கள். எல்லோரும் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள். வாரத்துக்கு மூன்று தடவை வந்து, கையில் இரண்டு ஊசியை ஏற்றிக்கொண்டு, நான்கு மணி நேரம் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். ஓர் ஊசி வழியாக இரத்தம் மெஷினுக்குப் போகும். சுத்தமானதும் இன்னோர் ஊசி வழியாக உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவை வராவிட்டால் கால் வீங்கி மூச்சு முட்டும். அதற்கு மேலும் வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் எங்கள் முதலாளி டாக்டர் கேசவன் ஒரு பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் நர்ஸுகளின் படங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நட்சத்திரங்கள். இந்த மெஷின்கள் உனக்கு, அந்த மெஷின்கள் அவளுக்கு என்று பிரித்துவிட்டார். நோயாளி குறை சொன்னால் ஒரு நட்சத்திரம் போகும். ஏதாவது கோளாறு நடந்தால், கடைசியாக யார் அதில் கை வைத்தாளோ அவளுடைய நட்சத்திரம் போகும். மாதக் கடைசியில் மேலே இருக்கிறவளுக்குப் போனஸ், கீழே இருக்கிறவளுக்கு அவருடைய அறையில் அர்ச்சனை. இதற்கு அவர் வைத்த பெயர் ஊக்குவிப்பு. மண்ணாங்கட்டி!

நல்ல பிள்ளைகளாக இருந்தவர்கள் அந்தப் பலகை வந்த பிறகு ஆளுக்கொரு மூலையாகிப் போனார்கள். பிளாஸ்டர் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்க மாட்டார்கள். பசியாறக்கூட ஒன்றாக உட்கார மாட்டார்கள். எல்லாவற்றையும் விட மோசம், அலாரம். மெஷினில் ஏதாவது சரியில்லை என்றால் அது கத்தும், இரத்தம் ஓடுவதையும் நிறுத்திவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் சத்தம் அடங்கும். மறுபடி அமுக்கினால் இரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும். ஏன் கத்தியது என்று பார்க்க வேண்டுமானால் நோயாளியின் கையைப் பார்க்க வேண்டும், குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும். அதைச் செய்தால் நீ கை வைத்தவள் ஆகிவிடுவாய். அதனால் அடுத்தவளுடைய மெஷின் கத்தினால், போகிற போக்கில் இரண்டு தடவை அமுக்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இதுதான் வழக்கமாகிப் போனது.

நான் விடவில்லை. ஒரு காலை எனக்குக் கீழே வேலை பார்க்கும் மூன்று நர்ஸுகளையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

“யாரோட பேஷண்ட்னு பாக்காதீங்க. கத்துனா, பக்கத்துல நிக்கிறவ போவணும். அவ்ளோதான்.”

விமலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி. மூன்று மாதமாக அவள் படம்தான் பலகையில் மேலே.

“அக்கா, நான் போய்க் கை வச்சு, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரோட ஸ்டார் போவும்? ஒங்களோடதா?”

“ஒரு ஆளு உசுரு போறத விடவா ஒன் ஸ்டாரு பெருசு?”

“நீங்க சொல்லுவீங்கக்கா. டாக்டர் அப்பிடிச் சொல்லலியே.”

சர்மிளா கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்மணி மட்டும், “நான் பாக்குறேங்க்கா,” என்றாள். இருபத்து நான்கு வயது. ரவாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளை. அடுத்தவள் நோயாளியையும் போய்ப் பார்த்துப் பார்த்தே பலகையில் கடைசியில் கிடந்தாள்.

நேராக டாக்டரிடம் போனேன். பலகையைக் கழற்றுங்கள், பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி எதிரியாகிவிட்டார்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். கேட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? “நல்ல பாயிண்ட் சிஸ்டர், டீம் ஸ்பிரிட் கொறைவா இருக்கு,” என்று சொல்லி, எல்லோரையும் பத்தாங் காலியில் ஆற்றோரத்து விடுதி ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். டீம் பில்டிங்காம்.

அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! கோலாலம்பூரிலிருந்து ஒரு பையன் மைக்கோடு வந்தான். ஒருத்தி காலை இன்னொருத்தி காலோடு கட்டி ஓடச் சொன்னான். பலூனை முதுகுக்கு நடுவில் வைத்து நடக்கச் சொன்னான். நான் ஐம்பதைத் தாண்டியவள், முட்டிவலிக்காரி, நானும் பலூனோடு நடந்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர்கள் தாங்க வேண்டும். விமலா விழுந்தாள். கண்மணியும் சர்மிளாவும் தாங்கினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் அதைப் படம் பிடித்து, பெரிதாக அச்சடித்து, நட்சத்திரப் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பலகையை மட்டும் கழற்றவில்லை.

அந்தப் படத்தின் கீழேதான் கண்மணியின் நோயாளி சன்னாசியண்ணன் அன்றைக்குப் படுத்திருந்தார்.

சன்னாசியண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியே காலத்தைக் கழித்தவர். பேச்சு அதிகம் கிடையாது. ஏர்கோன் குளிருக்கு வீட்டிலிருந்து கைலி கொண்டுவந்து கழுத்து வரைக்கும் போர்த்திக்கொள்வார். ஊசி ஏறிய கையை மூடக் கூடாது. ஊசி கழன்றால் வெளியே தெரியாமல் போய்விடும். என் கண்ணில் பட்டால் கைலியைப் பிடுங்கிவிடுவேன். மற்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொன்னால் நோயாளி முகம் சுளிப்பார், குறை சொல்வார், நட்சத்திரம் போகும்!

அன்றைக்குக் கண்மணி பசியாறாமல் வந்திருந்தாள். தலை சுற்றியது என்று பின்னறைக்குப் போனாள். போகும்போது, “கொஞ்சம் என் பேஷண்டப் பாத்துக்கங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். ஒருவரும் பதில் சொல்லவில்லையாம். நான் தண்ணீர் சுத்தம் செய்யும் அறையில் இருந்தேன். ஒரு மெஷின் கத்துவது கேட்டது. உடனே நின்றது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலி சின்னத்தாயக்கா போட்ட சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

“மிஸ்ஸி! ஓடியாங்க! கீழ ரத்தம்! சன்னாசி நாக்காலிக்குக் கீழ ரத்தம்!”

ஓடினேன். கைலியைத் தூக்கினேன். இரத்தம் திரும்பும் ஊசி கழன்று கிடந்தது. மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உடம்பிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, நாற்காலியில் ஊற்றிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தினேன், கையை அழுத்திப் பிடித்தேன், காலைத் தூக்கி வைத்தேன், ஆம்புலன்ஸுக்குக் கத்தினேன். சன்னாசியண்ணன் உதடெல்லாம் வெளுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணி பாதித் தோசையோடு ஓடி வந்தாள்.

நல்லவேளை, ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

மெஷின் கத்தியிருக்கிறது. யாரோ ஒருத்தி போகிற போக்கில் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள். கைலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை. யார்?

மறுநாள் டாக்டர் வந்து ஒவ்வொருத்தியாக அறைக்குக் கூப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னதை என்னிடமே சொன்னார். அந்தப் பக்கம் நின்றது சர்மிளாதான் என்று விமலா சொன்னாளாம். விமலாதான் நின்றாள் என்று சர்மிளா சொன்னாளாம். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று சொன்னார்களாம், மெஷின் கண்மணியுடையது என்று. பத்தாங் காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி கையில் ஒருத்தி விழுந்தவர்கள்!

“அப்ப கண்மணிதான் பொறுப்பு,” என்றார் டாக்டர். “திங்கக்கெழம சாயங்காலத்தோட நிப்பாட்டிடலாம். போர்டுக்கும் எழுதப் போறேன்.”

“டாக்டர், நர்ஸ் போர்டுக்கு எழுதினா அந்தப் பிள்ள இனிமே எங்கயும் வேல பாக்க முடியாது. அவ அமுக்கவே இல்லியே!”

“அப்ப அமுக்குனது யாருன்னு ஒரு பேரு குடுங்க சிஸ்டர். எனக்கு ஒரு பேரு வேணும். அவ்ளோதான்.”

ஒரு பெயர் வேண்டுமாம். பலகைக்கு ஒரு பெயர், தண்டனைக்கு ஒரு பெயர். இந்த மனுசனுக்கு ஒற்றை ஒற்றையாகத் தவிர எண்ணவே தெரியாதா? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். கண்ணாடி அதிர்ந்தது. உடைந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

விமலாவையும் சர்மிளாவையும் மருந்து அறைக்குள் தள்ளிக் கதவை மூடினேன்.

“யாருடி அமுக்குனது?”

விமலா சர்மிளாவைப் பார்த்தாள், சர்மிளா விமலாவைப் பார்த்தாள்.

“ஒங்களுக்காக அந்தப் பிள்ள ரவாங்குல போய் வீட்டுல ஒக்காரணுமா? மனசாட்சின்னு ஒன்னு இருக்கா இல்லியா? சோத்தத்தான திங்கிறீங்க?”

சர்மிளா அழுதாள். விமலா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, “எனக்கு அடுத்த பேஷண்ட் வந்துட்டாங்கக்கா,” என்று வெளியே போனாள்.

திங்கட்கிழமை சன்னாசியண்ணன் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அங்கே அவசரத்துக்குக் கொஞ்ச நேரம்தான் மெஷினில் போட்டிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. மகன் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டு, தொழிற்சாலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். கண்மணிக்கு அன்றுதான் கடைசி நாள். கண் வீங்கியிருந்தது. இருந்தாலும் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

சன்னாசியண்ணன் கையைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் தாயி.”

“ஏன்ணே? வலிக்குதா?”

“நீ குத்த வேணாம். அன்னிக்கி அமுக்குனவ வந்து குத்தட்டும்.”

நான் ஓடினேன்.

“சன்னாசியண்ணே, என்னா பேசுறீங்க? கால் எப்பிடி வீங்கியிருக்குன்னு பாத்தீங்களா? யாரு அமுக்குனதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். பாத்தேன்.”

“சொல்லுங்க! இப்பவே சொல்லுங்க!”

“சொல்ல மாட்டேன் மிஸ்ஸி.” அவர் மூச்சை இழுத்து விட்டார். அப்படி ஒரு கோபம் அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. “ரத்தம் போனது எனக்குப் பெருசு இல்ல. அவ என் மூஞ்சியப் பாக்கல. நான் கூப்புடுறேன், வாயி வரல, அவ டப்பு டப்புன்னு அமுக்கிட்டுப் போறா. நான் என்னா, சாமானா? அவளே வரட்டும். என் மூஞ்சியப் பாத்துக் குத்தட்டும். இல்லன்னா இப்பிடியே கெடக்குறேன்.”

“செத்துருவீங்கண்ணே!”

“அன்னிக்கே செத்திருப்பேனே.”

சின்னத்தாயக்கா தன் மெஷினில் படுத்தபடியே, “அப்பிடிச் சொல்லுங்க!” என்றார். நான் திரும்பி முறைத்தேன். “மொறைக்காதீங்க மிஸ்ஸி,” என்றார், “அவரு சொல்றதுல என்னா தப்பு?”

தப்பா? ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பேச்சு, பலூன், பலகை எல்லாம் போய், ஒரு நோயாளி தன் உயிரைப் பணயம் வைத்தால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு உறைக்கும் என்றால், நாங்கள் எல்லாம் எதற்கு வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறோம்?

டாக்டருக்குப் போன் போட்டேன். அதற்குள் சன்னாசியண்ணன் இரும ஆரம்பித்துவிட்டார். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டால் வரும் இருமல். ஆக்ஸிஜன் வைத்தேன். கண்மணியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நான்தாண்ணே அமுக்குனேன்,” என்றாள். “நான்தான். கையக் காட்டுங்க, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.”

சன்னாசியண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ இல்ல. போ தாயி அந்தப் பக்கம்.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஹால் நடுவில் நின்று கத்தினேன்.

“கேட்டீங்களாடி? செய்யாதவ வந்து செஞ்சேங்கிறா! செஞ்சவ மூலையில நிக்கிறா! ஒங்க ஸ்டார கொண்டுபோயி சாமி ரூம்புல வச்சு சூடம் காட்டுங்க!”

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். வாசனைத் திரவியம் அவருக்கு முன்னாலேயே வந்தது. “இது பிளாக்மெயில்,” என்றார். “ஆம்புலன்ஸ் கூப்புடுங்க சிஸ்டர், நம்ம செண்டர்ல எதுவும் ஆகக் கூடாது.” ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயிற்று, அது வர நேரமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சன்னாசியண்ணனுக்குக் கிட்டே வராமல் சின்னத்தாயக்காவின் மெஷின் பக்கமாகவே நின்றுகொண்டார்.

சன்னாசியண்ணனின் விரல் நுனி நீலம் பாரிக்கத் தொடங்கியது. இருமலோடு நுரை வந்தது.

தட்டு ஒன்று கிணுகிணுவென்று சத்தம் போட்டது. திரும்பினேன். விமலா. யாரையும் பார்க்காமல் நடந்துவந்து சன்னாசியண்ணன் முன்னால் முட்டி போட்டாள்.

“நான்தாண்ணே.”

அவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

“ஸ்கிரீன மட்டுந்தான் பாத்தேன். ஒங்களப் பாக்கல. கைலியத் தொட்டா என் பேர்ல வருமேன்னு…”

“மூஞ்சியப் பாரு,” என்றார் சன்னாசியண்ணன்.

பார்த்தாள். பார்த்து ஓவென்று அழுதாள். அவர் கைலிக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். கை முழுக்க இரத்தம் கட்டி ஊதாவாக இருந்தது. ஊசி ஏற்ற வேண்டிய நரம்பு எங்கே என்றே தெரியவில்லை. விமலா ஊசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். எங்கள் எல்லோரிலும் சுத்தமாக ஊசி போடுகிறவள் அவள்தான். அவளால் முடியவில்லை.

“கண்மணி,” என்றாள். “கொஞ்சம் கையப் புடிச்சுக்கயேன். என்னால ஆவல.”

அந்தப் பலகை வந்த நாளிலிருந்து அந்த ஹாலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் உதவி கேட்டதை நான் கேட்டதில்லை. கண்மணி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். எத்தனையோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மேல்கையை அழுத்திப் பிடித்து, விரலால் தடவி, “இங்க ஓடுது பாருங்க, இங்க,” என்றாள். சர்மிளாவை யாரும் கூப்பிடவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். ஊசி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. குழாயில் இரத்தம் போனதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தாங்கினாலே போதும் என்று மூன்று பேரும் அவர் கையை விடவில்லை.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

“குட். அப்ப விமலாதான். பேரு கெடச்சிருச்சு. கண்மணி, நீ இருக்கலாம். விமலா, முடிச்சிட்டு என் ரூம்புக்கு வா.”

கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது எனக்கு. நேராகச் சுவருக்குப் போனேன். பலகையைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு பெயர்ந்து வந்தது. டாக்டர் காலடியில் போட்டேன்.

“இவள நீங்கதான் இப்பிடி ஆக்குனீங்க. போர்டுக்கு எழுதணும்னா மொதல்ல இத எழுதுங்க! யாரு மாட்டுனதுன்னும் எழுதுங்க!”

“பராசக்தி, யாருகிட்டப் பேசுறீங்கன்னு—”

அவர் முடிக்கவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே சின்னத்தாயக்காவின் மெஷின் கத்தியது.

டாக்டர் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மூன்று பேரும் அங்கே குனிந்திருந்தார்கள், ஒருத்தியும் நிமிரவில்லை.

“இது யாரோட பேஷண்ட்?” என்றார்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“பக்கத்துல நீங்கதான நிக்கிறீங்க டாக்டர். பாருங்க.”

மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். அவருடைய விரல் நேராகப் பொத்தானுக்குப் போனது.

சின்னத்தாயக்கா ஊசி இல்லாத மறுகையால் அந்த விரலை எட்டிப் பிடித்துவிட்டார்.

“அமுக்காதீங்க,” என்றார். “மொதல்ல கையப் பாருங்க.”